முதலில் மடையானைப் பாருங்கள்

மூன்று வருடத்துக்கு முன்பு ஓர் ஏப்ரல் மாதம். இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் ஒரு பறவையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்கள். கார்பன் குச்சியில் எலும்பு, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சிறகு, வயிற்றில் ஒரு மோட்டாரும் இரண்டு பல்சக்கரமும். ரிமோட்டைத் தட்டியதும் படபடவென்று அடித்துக்கொண்டது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. நான் ஒன்றுதான் கேட்டேன்: “இது என்ன பறவை?”

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன், “பேர்டு, மேம்” என்றான்.

திருச்சிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வருடமாக இயந்திரவியல் நடத்துகிறேன். சிறகடித்துப் பறக்கும் கருவிக்கு ஆர்னிதாப்டர் என்று பெயர். அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு குழு அதை எடுக்கும். எடுக்கும் என்பது மரியாதைக்குச் சொல்வது; வாங்கும். ‘புராஜெக்ட் சென்டர்’ என்று பலகை மாட்டிய மாடிக் கடைகளில் பணம் கொடுத்தால் பறவை கிடைக்கும், பறவையைப் பற்றிய எழுபது பக்க அறிக்கை கிடைக்கும், வைவாவில் கேட்கக்கூடிய பத்துக் கேள்விகளுக்கு விடையும் கிடைக்கும். “இது என்ன பறவை” அந்தப் பத்தில் இல்லை. எந்தக் கடை, எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரிலும் இருக்கிறது. அந்த அறிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பறவையின் வித்தை புதிதும் அல்ல. 1870களிலேயே பிரான்சில் அல்போன்ஸ் பெனோ என்பவர் முறுக்கிய ரப்பர் நாடாவின் விசையில் சிறகடிக்கும் பொம்மையைப் பறக்கவிட்டார். ரப்பர் இருந்த இடத்துக்கு மோட்டாரும் பேட்டரியும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். நான் சிறுமியாக இருந்தபோது ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கடையில் சாவி முறுக்கினால் பறக்கும் பிளாஸ்டிக் குருவி ஒன்று வாங்கித் தந்தார் அப்பா. அதற்கும் என் மாணவர்களின் பறவைக்கும் விலையில்தான் பெரிய வித்தியாசம்.

எனக்கு ஊர் ஜீயபுரம். கரூர் சாலைக்கும் காவிரிக்கும் நடுவே எங்கள் வாழைத் தோட்டம். பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து எங்கள் ஊர்வரை எழுந்தருள்வார். பேரன் ரங்கனுக்காகக் காத்திருந்த கிழவியிடம் பேரன் உருவில் வந்து பழைய சோறு சாப்பிட்டவர் என்ற கதையைச் சொல்லாத வீடு இங்கே கிடையாது. திரும்பிப் போன பிறகு அவருக்குக் கருட சேவை. வாகனத்தில் கருடனின் சிறகு அசையாது. அதைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோள்கள் அசையும். கோபுரத்துக்கு மேலே நிஜக் கருடன், அதாவது செம்பருந்து, வட்டமிட்டால் கூட்டம் முழுவதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதுவும் சிறகை அதிகம் அடிப்பதில்லை. வெயிலில் சூடேறி எழும் காற்றில் சாய்ந்தபடி சும்மா ஏறிக்கொண்டே போகும். அடித்து அடித்துப் பிழைக்கிற பறவையை யாரும் கும்பிடுவதில்லை. வாய்க்கால் ஓரத்தில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மண் நிறத்தில் நிற்கிறதே மடையான், அதற்குக் குருட்டுக்கொக்கு என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்!

வைவா நடந்த அந்த வாரம் எனக்கு மனசு சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கைபேசியோடு போய் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தேன். இப்போது வரும் பல கைபேசிகளில் நொடிக்கு 240 படம் எடுக்கிற வசதி இருக்கிறது. கல்யாணத்தில் பூ தூவுவதை எடுக்கத்தான் அது பயன்படுகிறது. மடையான் எழும்புவதைப் பதினோரு முறை எடுத்தேன். நான்கு தேறியது. இரவு அவற்றை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது, பறவை சிறகால் எழும்பவில்லை என்பது. காலால் எழும்புகிறது. காலை மடக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, கழுத்தை நீட்டி ஒரே உதை. சிறகு தன் வேலையை ஆரம்பிக்கும்போது பறவை ஏற்கெனவே காற்றில் இருக்கிறது. பதினாறு வருடம் பாடம் நடத்தியவளுக்கு, ஐம்பது வருடம் மடையான்களுக்கு நடுவில் வாழ்ந்தவளுக்கு, அன்றைக்குத்தான் அது தெரிந்தது. பிறகு தேடிப் படித்தேன். நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த பறவை ஒன்றை ஆய்வுக்கூடத்தில் அளந்தவர்கள், எழும்பும் வேகத்தில் பெரும்பங்கு கால் தருவது என்று முன்பே எழுதியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தார் காக்கையைப் பார்த்து விமானத்துக்குக் கால் வைத்தார்கள். அது நடக்கிறது, குதிக்கிறது, குதித்த வேகத்தில் பறக்கிறது. 2024 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. என் மாணவர்களின் பறவைக்குக் காலே இல்லை. கையால் வீசி எறிய வேண்டும். விற்றவர் அதைக் குறையாக நினைக்கவில்லை, வாங்கியவர்கள் நினைக்கவில்லை, மதிப்பெண் போட்ட நானும் நினைக்கவில்லை.

அடுத்தது சிறகடிப்பு. ஒருமுறை அடித்து முடிக்க அறுபது படத்துக்கு மேல் ஆகிறது. நொடிக்கு நான்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் மேலே போவதும் கீழே வருவதும் ஒரே மாதிரி இல்லை. கீழே அடிக்கையில் சிறகு முழுதாக விரிந்திருக்கிறது. மேலே தூக்குகையில் மணிக்கட்டை மடக்கி, சிறகைச் சின்னதாக்கிக்கொண்டு தூக்குகிறது. பரிசல்காரரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். துடுப்பால் தண்ணீரை இழுத்துவிட்டு அப்படியே திருப்பித் தள்ளினால் பரிசல் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். தூக்கித்தான் முன்னால் கொண்டுபோவார். கடைப் பறவையோ விறைத்த சிறகை மேலும் கீழும் ஒரே வீச்சில் அடிக்கிறது. தாள் காற்றில் தானாக வளைவதால் கொஞ்சம் முன்னுந்தல் கிடைக்கிறது. 2011இல் ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் கடற்காகத்தைப் பார்த்துச் செய்த ‘ஸ்மார்ட்பேர்டு’ இந்த இடத்தில்தான் ஒரு படி மேலே போனது. அடிக்கிறபோதே சிறகைத் தனி மோட்டாரால் முறுக்கியது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலச் சிறகு, அரை கிலோவுக்கும் குறைந்த எடை. பார்த்துச் செய்ததற்கும் பார்க்காமல் செய்ததற்கும் உள்ள இடைவெளி அந்த ஒரு முறுக்கில் இருக்கிறது.

பார்ப்பது மேல்நாட்டார் வேலை என்று யாராவது நினைத்தால், ஒருவரை நினைவுபடுத்துகிறேன். சதீஷ் தவான். 1972 முதல் 1984 வரை இஸ்ரோவின் தலைவர். 1979இல் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தபோது அப்துல் கலாமைப் பின்னால் நிறுத்தி, தானே பத்திரிகையாளர்களின் முன் உட்கார்ந்தவர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் பறவை பார்க்கிறவர் என்பது பலருக்குத் தெரியாது. ராக்கெட் தளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டித்தான் பழவேற்காடு ஏரி, பூநாரைகளும் கூழைக்கடாக்களும் இறங்கும் ஏரி. அந்த ஏரி கெட்டுவிடக்கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் தவானும் ஒருவர். ஓய்வுக்குப் பிறகு பறவை எப்படிப் பறக்கிறது என்பதைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வுரை எழுதினார். இந்திய அறிவியல் அகாதமியின் ‘சாதனா’ இதழில் 1991இல் வெளியானது. வாழ்நாள் முழுவதும் காற்றியக்கவியல் படித்தவர், காற்றுச்சுரங்கம் கட்டியவர், எழுபது வயதில் இறகையும் தசையையும் காற்றையும் சேர்த்து எழுத உட்கார்ந்திருக்கிறார்! இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. எங்கள் மாணவர் அறிக்கைகளில் அந்தக் கட்டுரையை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. லியனார்டோ டாவின்சி மட்டும் தவறாமல் முதல் அத்தியாயத்துக்கு வந்துவிடுவார்.

கலாமும் இந்தக் கதையில் வருகிறவர்தான். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து 1954இல் வெளியேறியவர். ஆனால் அவர் மேடைக்கு மேடை சொன்னது திருச்சி வகுப்பறையை அல்ல, ராமேஸ்வரம் கடற்கரையை. ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் பறவை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். பையன்களுக்குப் புரியவில்லை. அன்று மாலையே கடற்கரைக்கு அழைத்துப் போய், பறந்துகொண்டிருந்த பறவைகளைக் காட்டினார். இன்றைக்கு அந்த வாத்தியார் இருந்தால் ‘புரொஜெக்டர் இருக்கிறதே, ஏன் வெளியே போனீர்கள்’ என்று விளக்கம் கேட்டிருப்பார்கள்.

பூச்சிகளிடம் வந்தால் கதை இன்னும் விறுவிறுப்பாக இருக்கும். விமானச் சிறகை அதிகம் நிமிர்த்தினால் மேலே ஓடும் காற்று பிரிந்து, தூக்குவிசை போய்விடும். பூச்சியோ சிறகை அதைவிட நிமிர்த்தி வீசுகிறது, விழுவதில்லை. ஏன்? 1996இல் கேம்பிரிட்ஜில் சார்லஸ் எலிங்டன் குழுவினர் விட்டில் ஒன்றைப் பெரிதாக்கிச் செய்த மாதிரியில் புகையைவிட்டுப் பார்த்தார்கள். சிறகின் முன்விளிம்பில் ஒரு காற்றுச்சுழல் உருவாகி, கழன்று போகாமல் ஒட்டிக்கொண்டே வருகிறது. அதுதான் பூச்சியைத் தூக்குகிறது. அமெரிக்காவில் மைக்கேல் டிக்கின்சன் குழு பெரிய தொட்டியில் எண்ணெயை நிரப்பி, அதற்குள் பூச்சியின் சிறகைப்போல ஒன்றை மிக மெதுவாக அசைத்தது. எண்ணெயில் பெரிய சிறகின் மெதுவான அசைவும், காற்றில் சின்னஞ்சிறு சிறகின் படபடப்பும் கணக்கில் ஒன்றுதான். நமக்குக் காற்று லேசு. பழ ஈக்கு அது கிட்டத்தட்ட செக்கெண்ணெய். 1999இல் வெளிவந்த அந்த ஆய்வில் மூன்று பெயர்கள். ஒன்று சஞ்சய் சானே. இப்போது பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பூச்சிப் பறத்தல் ஆய்வுக்கூடம் நடத்துகிறார்.

அவர் கூடத்திலிருந்து 2015இல் வந்த ஓர் ஆய்வை வகுப்பில் சொல்வேன். ஈக்குப் பின்சிறகு கிடையாது. அந்த இடத்தில் இரண்டு குட்டிக் குமிழ்கள். பறக்கையில் சிறகோடு சேர்ந்து அவையும் அடித்துக்கொள்ளும். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்வது அவைதான். நொடிக்கு நூறுமுறைக்கு மேல் அடிக்கிற சிறகையும் குமிழையும் மூளை எப்படி இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போக வைக்கிறது? மூளை வைக்கவில்லை என்பதுதான் விடை. ஈயின் உடலோட்டிலேயே மெல்லிய மேடுகள் இருக்கின்றன. ஒன்று இரு சிறகுகளையும் இணைக்கிறது, மற்றவை அந்தந்தப் பக்கத்துச் சிறகையும் குமிழையும் இணைக்கின்றன. மாட்டுவண்டியின் நுகத்தடி மாதிரி. இதைச் சொன்னதும் கடைசி வரிசை நிமிர்ந்து உட்காரும். பல்சக்கரமும் இணைப்புத்தண்டும் படித்த பிள்ளைகள் அல்லவா, ஈயின் உடம்பு அவர்களுடைய பாடம்!

இதற்கெல்லாம் என்ன பயன், நான்கு விசிறி ட்ரோன் இருக்கிறதே என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆளைச் சுமக்கும் விமானம் சிறகடிக்க வேண்டியதில்லை. தூக்குவதற்குச் சிறகு, தள்ளுவதற்கு வேறொன்று என்று 1799இலேயே ஜார்ஜ் கேலி பிரித்துவிட்டார். பறவையைப் போல அடிப்பதை விட்டதால்தான் மனிதன் பறந்தான். சுமையிலும் ட்ரோனை இந்தப் பொறிகள் இன்னும் வென்றுவிடவில்லை. ஆனால் அளவு சிறுத்துக்கொண்டே போகும்போது கதை மாறுகிறது. 2011இல் அமெரிக்காவில் செய்த தேன்சிட்டு அளவுப் பொறி 19 கிராம். 2013இல் ஹார்வர்டு செய்த ‘ரோபோபீ’ 80 மில்லிகிராம்தான், நொடிக்கு 120 அடி. 2018இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பொறி, அடிக்க வரும் கையிலிருந்து பழ ஈ நழுவுவதை அப்படியே செய்து காட்டியது. இடிபாட்டுக்குள் நுழைய, பசுமைக்குடிலுக்குள் சுற்றிவர இப்படிப்பட்டவை ஒருநாள் உதவும் என்கிறார்கள். அந்த நாள் எப்போது என்று நான் சோதிடம் சொல்லமாட்டேன். எனக்கு முக்கியம் வேறு. இது பெரிய காற்றுச்சுரங்கம் இல்லாத, கோடிகள் இல்லாத ஒரு கிராமப்புறக் கல்லூரி உண்மையாகவே ஏதாவது கண்டுபிடிக்கக்கூடிய துறை. கைபேசி, மூங்கில், தராசு, பொறுமை, பக்கத்தில் ஒரு நீர்நிலை. இந்த ஐந்தில் நான்கு எங்களிடம் இருக்கிறது.

இன்னொரு தரப்பும் உண்டு. வாட்ஸப்பில் ‘வைமானிக சாஸ்திரம்’ அனுப்பி, எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்கிற சொந்தக்காரர்கள். அதில் சகுன விமானம் என்று பறவை வடிவில் ஒன்று வரும். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஐந்து பேர் 1974இலேயே அந்த நூலை உட்கார்ந்து படித்து, அது இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதில் சொன்ன எதுவும் பறக்காது என்று எழுதிவிட்டார்கள். நமக்குப் பெருமைப்பட வேறு இருக்கிறது. சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் ஒரு மயிற்பொறியைப் பறக்கவிட்டார், சச்சந்தன் தன் கர்ப்பிணி அரசியை அதில் ஏற்றி அனுப்பினான். அது கற்பனைதான். ஆனால் கனமான உடம்பும் நீண்ட தோகையும் வைத்துக்கொண்டு எழும்புகிற பறவையைத் தேர்ந்தெடுத்த அந்தப் புலவர் மயிலை நன்றாகப் பார்த்திருக்கிறார்.

மயில் என்றதும் பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா நினைவுக்கு வருகிறார். நான் கைபேசியோடு உட்கார்ந்திருப்பதை இரண்டு வாரம் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: “பறக்குற பொறி பண்றியாமே பாப்பா? மயில வெரட்டுற பொறி ஒண்ணு பண்ணிக் குடேன். போட்ட வெத முளைக்க விடமாட்டேங்குது.” சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, நெதர்லாந்தில் வல்லூறு வடிவில் சிறகடிக்கும் பொறி செய்து விமான நிலையத்தில் பறவை விரட்டியிருக்கிறார்கள். சித்தப்பா கேட்டதில் ஒரு நல்ல புராஜெக்ட் இருந்தது.

இந்த ஏப்ரலுக்கு வருகிறேன். குளித்தலையிலிருந்து ரயிலில் வந்து படிக்கிற ஒரு மாணவி, கடைப் பறவை வேண்டாம் மேம், நானே செய்கிறேன் என்றாள். ஆறு மாதம், சனிக்கிழமைதோறும் ஜீயபுரத்தில் இறங்கி என்னோடு வாய்க்கால் மேட்டுக்கு வந்தாள். அவள் நோட்டில் ஒரு வரி: “மடையானுக்கு வால் ரொம்பக் குட்டை. பறக்கும்போது காலைத்தான் பின்னால் நீட்டிக்கொள்கிறது.” எனக்கு அது தோன்றவேயில்லை. சிறகுக்கு முதலில் எங்கள் தோட்டத்து வாழைநாரைப் பயன்படுத்தினாள். பனியில் ஈரம் குடித்துத் தொய்ந்தது. பிறகு மூங்கில். சிறகு நுனியில் அரை கிராம் கூடினாலும் பல்சக்கரம் பல் உடைந்தது. முப்பத்தொரு முறை வீசினாள். அதிகபட்சம் ஆறு நொடி, அதையும் பறத்தல் என்று சொல்ல முடியாது, நிதானமாக விழுதல் என்றுதான் சொல்ல வேண்டும். ஏன் விழுந்தது என்பதை ஒவ்வொரு முறையும் எழுதி வைத்திருந்தாள்.

மதிப்பெண் பட்டியலில் ‘இயங்கும் மாதிரி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அவளுக்குக் கிடைத்தது மூன்றாண்டுக்கு முன்பு “பேர்டு, மேம்” என்றவனுக்குக் கிடைத்ததில் பாதி. நான் வாதாடினேன். விதி அப்படித்தான் என்றார்கள்.

பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் நான் கேட்பது அந்தக் கட்டத்தைப் பற்றித்தான். பார்த்து எழுதிய நோட்டுக்கு ஒரு பங்கு மதிப்பெண் வையுங்கள். பறக்காமல் விழுந்த பொறிக்கு, விழுந்த காரணத்தை மாணவர் சொல்ல முடிந்தால், இயங்கிய பொறிக்குச் சமமாகக் கொடுங்கள். கடையில் வாங்கியவர் அந்த நோட்டை எழுதவே முடியாது. வேறு காவல் தேவையில்லை. விலங்கியல் துறை ஆசிரியர் ஒருவரை இணை வழிகாட்டியாகப் போட அனுமதியுங்கள். இப்போது அதற்குப் படிவத்தில் இடமே கிடையாது. பார்ப்பதற்கு இடமும் இங்கேயே உண்டு: ஸ்ரீரங்கம் தீவில் மேலூருக்குப் பக்கத்தில் 2015 முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போகின்றன. வண்ணத்துப்பூச்சி சிறகுகளை முதுகுக்கு மேலே தட்டும்போது அவை கிண்ணம்போல் குழிந்து காற்றைப் பிதுக்குகின்றன என்று 2021இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். அவர்களிடம் இருந்த பூச்சி வேறு. நம் பூங்காவில் இருக்கிற இனங்கள் நூறுக்கு மேல். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் பேசப்படும் தொகைகளில் ஒரு துளி போதும், பத்துக் கல்லூரிகளுக்கு அதிவேகக் கேமரா வாங்கிவிடலாம்.

இறுதியாண்டு தொடங்கப்போகும் பிள்ளைகளுக்கும் ஒன்று. புராஜெக்ட் சென்டர் மாடி ஏறுவதற்கு முன் ஒருநாள் இந்தப் பக்கம் வாருங்கள். கரூர் பேருந்தில் ஏறினால் ஜீயபுரத்தில் இறங்கலாம். முதல் வண்டியையே பிடியுங்கள். மடையான்கள் ஆறு மணிக்குள் கிளம்பிவிடும்.